சேலை கட்டிய புளூபெரி

இருபத்திரண்டு வருடங்களாக நான் ஒரு மஃபின் பேக்கரியில் வேலை செய்கிறேன். வேலை என்றால், மாக் குழைப்பதும் சுடுவதும் மெசின். நான் லைனில் நின்று, உறைந்த புளூபெரியைப் பெட்டி பெட்டியாக உடைத்துத் தொட்டிக்குள் கொட்டுகிறவள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பெட்டி என்று என் தோள்மூட்டைத்தான் கேட்க வேண்டும். அதில் முதல் பத்தொன்பது வருடமும் ஒரு புளூபெரிச் செடியை நான் கண்ணால் கண்டதில்லை. அது மரத்தில் காய்க்குமா, கொடியில் காய்க்குமா, கிழங்கு மாதிரி மண்ணுக்குள் விளையுமா என்றுகூட யோசித்ததில்லை. பெட்டிக்குள்தான் காய்க்கிறது என்று என் கை நம்பியிருந்தது.

அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதச் சனிக்கிழமை, தக்காளிக் கன்று வாங்கப் போன இடத்தில் புளூபெரி என்று அட்டை தொங்கிய செடியைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. பெயரை மட்டும் கேட்டே பழகிய சொந்தக்காரரை முதல் முறையாக விமான நிலையத்தில் பார்த்ததுபோல நின்றேன். என் கணவரிடம், இதை வாங்காமல் நான் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணவர் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அவருக்கு 'இவர்' என்றுதான் பெயர், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

கன்று விற்ற ஆள் ஆங்கிலத்தில் கடகடவென்று விளக்கம் சொன்னார். தொட்டியில் வளர்க்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் மண் புளிப்பாக இருக்க வேண்டும். தனிச் செடி அவ்வளவாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு இனத்துச் செடி ஒன்று இருந்தால்தான் இரண்டும் நன்றாகக் காய்க்கும். இவர் இதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்லத் தொடங்கி, 'வேறு இனம்' என்ற இடத்தில் தொண்டையைச் செருமி நிறுத்திவிட்டார். காரணம், பின்னால் எங்கள் மகள் நின்றாள். இரண்டு கிழமைக்கு முன்தான் அவள் தன்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் ரீவியைத் தவிர வேறு யாரும் பேசவில்லை.

இரண்டு இனத்திலும் ஒவ்வொன்றாக வாங்கிக் காரில் ஏற்றினோம். செடிகள் மகளுக்கு இரண்டு பக்கமும் பின் சீற்றில் இருந்தன. ஹைவேயில் ஏறியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"செடிக்கு ஓகே. எனக்கு மட்டும் நோவா, அப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கோயிலிலும் அப்படித்தான், செத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று வந்த சிரிப்பில் இருக்கைப் பெல்ற் இறுகி எனக்கு மூச்சு முட்டியது. இவர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஹைவேயிலிருந்து இறங்குகிற எக்சிற் இரண்டைத் தாண்டினார், மூன்றாவதில் அவருக்கும் உடைந்துவிட்டது. மில்லிக்கனில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற சிக்னலில், அந்தப் பிள்ளைக்குக் கோழிக் கறி உறைப்பாய்ப் போட்டால் தின்னுவானா என்று இவர் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் அப்படித்தான் முடிவானது.

மண் புளிப்பாக இருக்க வேண்டும் என்றதை நான் என் முறைப்படி விளங்கிக்கொண்டேன். புளிப்பு என்றால் எங்கள் வீட்டில் பழப்புளி. கிழமைக்கு ஒருதரம் ஒரு தேசிக்காய் அளவு உருண்டையை ஊறவைத்துக் கரைத்து, சக்கை வடித்து, தொட்டிக்கு ஒரு சாடி ஊற்றினேன். முதலில் எறும்பு வந்தது. பிறகு றக்கூன் என்கிற, இரவில் குப்பை கிளறுகிற பிராணி இரண்டு வந்து தொட்டியைக் கவிழ்த்து மண்ணை நக்கிப் பார்த்துவிட்டுப் போயின. இலை மஞ்சளானது. இவர் வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்த டெக்கின் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "உப்பும் தூளும் போட்டீரெண்டால், மீனை நான் வாங்கியாறன்" என்றார்.

மகள்தான் போனில் தேடி வாசித்து, பீற் மொஸ் என்கிற காய்ந்த பாசியைப் பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து, பைன் மரப்பட்டைத் தூளும் கலந்து, செடிகளை அரைப் பீப்பாய் அளவான இரண்டு தொட்டிகளுக்கு மாற்றினாள். குழாய்த் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் நல்லது என்றும் வாசித்தாள். அதற்காக எங்கள் பொங்கல் பானை கூரைத் தண்ணீர் வடிகிற பீலிக்குக் கீழே போனது. பனிக்காலத்தில் தொட்டியில் வேர் உறைந்துபோகும் என்றதும், ரோசாப்பூப் போட்ட எங்கள் தடித்த கம்பளியைச் சுற்றி இரண்டையும் கராஜுக்குள் வைத்தோம். தொட்டிகள் உள்ளே போக, கார் வெளியே வந்தது. நாலு மாதம் இவர் விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிய சத்தத்தில் இருந்த கோபம் முழுவதும் புளூபெரிக்குரியது.

அடுத்த ஏப்ரலில் செடிகளைத் திரும்ப டெக்கில் வைத்தபோது குச்சி நுனியெல்லாம் மொட்டுப் பருத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த அழைப்பு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வடக்கே, சட்பரிப் பக்கத்தில் இருப்பவர். நாலரை மணித்தியாலக் கார் ஓட்டம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்து, கதையுங்கோ அம்மா என்றாள். நான் ஆங்கிலம் அறியாதவள் இல்லை. பொக்ஸ் எம்ப்டி, பெல்ற் ஸ்டொப், பிரேக் ரைம், எல்லாம் வரும். ஆனால் அந்தச் சொற்களை வைத்து ஒரு சம்பந்தியோடு என்ன கதைக்கிறது? அவர் அன்பாக ஏதோ கேட்டார், நான் தாங்க்யூ என்றேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் தாங்க்யூ. பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம். போனுக்குள் அவருடைய மணிக்கூடு அடிப்பதுகூடக் கேட்டது.

அந்த மௌனம் என்னைப் பயமுறுத்திவிட்டது. நாளைக்குக் கலியாணம் நடக்கும், பேரப்பிள்ளை வரும், பிறந்தநாள் வரும். ஒவ்வொரு மேசையிலும் இந்தப் பெண்மணியும் நானும் எதிரெதிரே இருப்போம். ஆயுள் முழுக்கத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி ரீ, தாங்க்யூ, ரீ, தாங்க்யூ என்று இருந்து, கடைசியில் என் பிள்ளை போய்ச் சேர்ந்த குடும்பத்தில் நான் மூலையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ஊமை ஆகிவிடுவேன். அது எனக்குத் தாங்காது. நான் வாயாடி. எங்கள் லைனில் என் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசர் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவார்.

மகள் நிலைமையைச் சமாளிக்க, அம்மா புளூபெரி வளர்க்கிறா என்று போனுக்குள் சொன்னாள். அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. அவர் ஊரில் கற்பாறைகளுக்கு இடையில் காட்டுப் புளூபெரி தானாக விளையுமாம். ஐந்து வயதிலிருந்து வாளியோடு போய்ப் பிடுங்கியவராம். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. பதில்தான் புத்தியை முந்திக்கொண்டு வந்தது.

"மெனி," என்றேன். அது போதாதுபோல இருந்தது. "மெனி மெனி."

அப்படியென்றால் ஜூலைக் கடைசியில் பழுக்கிற நேரம் நான் நேரில் வந்து பார்க்கிறேன், முதல் சந்திப்பு உங்கள் புளூபெரியோடு இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு செடி, இலைகூட வரவில்லை.

ஆனால் மே மாதம் வந்ததும் பூத்ததே ஒரு பூ, அதை என்னென்று சொல்ல. ஒவ்வொரு குச்சியிலும் கொத்துக் கொத்தாக, கவிழ்த்துவைத்த சின்ன வெள்ளை மணிகள். வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்ததும் சப்பாத்துக் கழற்றாமல் ஒருதரம் எண்ணினேன். ஒரு செடியில் இருநூறு தாண்டி எண்ணிக்கை பிழைத்து, பிழைத்த சந்தோசத்தில் திரும்பவும் தொடங்கினேன். பூ எல்லாம் காய் என்றால் மெனி மெனி உண்மையாகிவிடும். பாத்திரம் கழுவும்போது பாட்டு வந்தது. இவர் என்னிடம் காய்ச்சலா என்று கேட்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நல்ல மனிசி. ஆனால் அவர் நாக்கு பொல்லாதது. திட்ட மாட்டார், புகழுவார், அதுதான் பிரச்சினை. முந்தின வருடம் என் மிளகாய்க் கன்றைப் பார்த்து, இப்படிக் காய்ச்ச மிளகாய் நான் ஊரிலையும் காணேல்லை என்றார். மூன்றாம் நாள் கன்று கருகி நின்றது. நாவூறு பட்டால் கல்லும் வெடிக்கும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது அவர் பூவைப் பார்த்து, "ஐயோ பிள்ளை, எவ்வளவு பூ" என்றதும் தண்ணீர்ச் சாடியைப் போட்டுவிட்டு எழும்பினேன். நான் சும்மா ரெண்டு பூ அக்கா, எல்லாம் கொட்டுண்டு போகும் என்று சொல்லிக்கொண்டே, செடிக்கும் அவருக்கும் நடுவில் என் உடம்பை வைத்தேன். எத்தனை நாளைக்கு உடம்பை வைக்கலாம்?

அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்தேன். கட்டாமல் கிடந்த பழைய சேலைகளில் இரண்டு எடுத்தேன். ஒன்று நீல நைலெக்ஸ், மற்றது ரோஸ் வொயில், கரைப்பக்கம் அயன் பட்டு ஒரு ரூபாய்க் குற்றி அளவு எரிந்த ஓட்டை. இரண்டும் மெல்லிசு, வெயில் உள்ளே போகும். தொட்டிக்கு நாலு கம்பு ஊன்றி, மேலிருந்து கீழ்வரை சுற்றி, அடியில் கொசுவி, சேப்ரி பின் குத்தினேன். எட்ட நின்று பார்த்தால் விசேசத்துக்கு வெளிக்கிட்டு, ஏற்றிப்போகிற வான் வரும்வரை நிற்கிற இரண்டு பெண்கள் மாதிரி இருந்தன. தபால்காரர் மறுநாள் பக்கத்துப் பாதையால் போகும்போது அவர்களுக்குக் கையசைத்தார். நான் ஜன்னலில் நின்று வயிறு நோகச் சிரித்தேன். என் கெட்டித்தனத்தை நினைத்தும் சிரித்தேன். யார் கண்ணும் படாது, யார் நாக்கும் தொடாது.

இரண்டு கிழமை அப்படியே நின்றன. தண்ணீர் ஊற்ற மட்டும் கீழ்க்கரையை உயர்த்துவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டு அக்கா தன் டெக்கில் தேத்தண்ணியோடு வந்திருந்தார். கனநேரம் என் சேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் கேட்டார்:

"பிள்ளை, உந்தத் தேனியள் சேலையிலை முட்டி முட்டித் திரும்பிப் போகுதுகள். பூவுக்குள்ளை போனால்தானே காய்க்கும்?"

என் கையில் இருந்த துவாய் கீழே விழுந்தது. உண்மைதான். ஒரு பெரிய மஞ்சள் தேனீ நீலச் சேலையின் முன் வந்து, முட்டி, பின்வாங்கி, திரும்பவும் முட்டி, அலுத்துப்போய்ப் பறந்தது. வீடு பூட்டியிருக்கும்போது வந்து பெல் அடித்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. நான் ஓடிப்போய்ப் பின்களைப் பிடுங்கிச் சேலையை உரிந்தேன். உள்ளே மண்மேல் வெள்ளையாகப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. குச்சியில் மிஞ்சியவற்றைத் தொட்டாலே உதிர்ந்தன. இருநூறு மணியும் தேனீ தொடாமலே வாடிவிட்டன.

நான் அந்த டெக்கிலேயே குந்தி இருந்து அழுதேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது, அதனால் இவர் எந்தப் பக்கம் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் நின்றார். யார் நாவூறுக்குப் பயந்தேனோ, அந்த வாயாலேயே உண்மையும் வந்தது. பிழை முழுவதும் என்னுடைய கொசுவத்தில்.

ஆனால் ரோஸ் சேலைச் செடியில், அந்த அயன் ஓட்டைக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்ற ஒரு கிளையில் மட்டும் பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாய்க் குட்டிக் குட்டி மணிகள் இருந்தன. எந்தத் தேனீயோ ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறது. எண்ணினேன். பதினொன்று.

இனி அந்தப் பதினொன்றுதான் என் உலகம். காய் பிடித்த பிறகு குருவிகளுக்காக மூடலாம், அது சரியான வேலை என்று மகள் வாசித்துச் சொன்னாள். ஆகவே சேலைகள் திரும்பவும் ஏறின, இந்த முறை நியாயமாக. தினமும் காலையில் ஓரத்தைத் தூக்கிப் பதினொன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பேக்கரியில் பெட்டியை உடைத்துக் கொட்டும்போது, ஆயிரக்கணக்கில் உருண்டு விழுகிற பெரிகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவும் யாருடைய டெக்கில் காய்த்தன? சம்பந்தி வரும் நாள் நெருங்க நெருங்க, இவரிடம் ஒரு நூறு தரம் கேட்டிருப்பேன், நான் ஏன் ரெண்டாந்தரமும் மெனி சொன்னனான் என்று. ஒரு மெனியோடு நிறுத்தியிருந்தால் பதினொன்றைக் காட்டி ஒருவாறு சமாளித்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் குசினியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். இவர் டெக்கைக் கூட்டுறன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் எந்த இடத்தையும் கூட்டி நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து, சட்டையில் ஒரு நீலப் புள்ளியோடு உள்ளே வந்து குளிக்கப் போனார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சம்பந்தி சொன்ன நேரத்துக்கே மகனோடு வந்தார். உயரமான பெண்மணி, வெயிலில் கறுத்த கை, நரைத்த கட்டைக் கூந்தல். என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பதா கைகூப்புவதா என்று இரண்டையும் தொடங்கி இரண்டையும் பாதியில் விட்டார். கையில் வெள்ளித்தாள் மூடிய கண்ணாடித் தட்டு இருந்தது. உங்களுக்காக வீடியோ பார்த்து என் கையாலேயே செய்தேன் என்று நீட்டினார். திறந்தால், உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்த எங்கள் ரோல்ஸ்.

ஒன்றைக் கடித்தேன். அந்த மிளகு, அந்தத் தூள் ஒட்டிய விதம், உள்ளே உருளைக்கிழங்கு வெட்டிய அளவு. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கிற பிளாசாக் கடையின் ரோல்ஸ். கண்ணைக் கட்டிவிட்டுத் தந்தாலும் சொல்லுவேன். சம்பந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெரி நைஸ் என்றேன். அவர் தாங்க்யூ என்றார். அதோடு எல்லாம் முடிந்தது. இருவரும் சிரித்தபடி இருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் வெதரைப் பற்றிக் கதைத்தார்கள். நான் பயந்த மேசை அதுதான், என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

பிறகு அவர், புளூபெரியைப் பார்ப்போமா என்று கேட்டார்.

நான் எழும்பி முன்னால் நடந்தேன். பதினொன்றைக் காட்டி என்ன சொல்வது என்று மனதுக்குள் ஆங்கிலம் தேடிக்கொண்டே டெக்குக்குப் போய், கோயிலில் திரை விலக்குவதுபோல ரோஸ் சேலையை ஒரு பக்கமாக இழுத்தேன்.

செடி முழுக்கப் பழம்.

கிளை கிளையாக, இலை தெரியாமல், கறுநீலமாகப் பளபளவென்று குலை தள்ளியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நான் நம்பினேன். பிள்ளையாரே என்று கைகூடக் கூப்பிவிட்டேன். சம்பந்தி ஆவென்று வாயைத் திறந்து, முன்னால் குனிந்து, ஒரு பழத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். அது வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். வந்தது. அதோடு இன்னொன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு வரிசை. பச்சை நூலில் ஊசியால் கோத்து, இடைக்கிடை முடிச்சுப் போட்ட, பிள்ளையாருக்குச் சாத்துகிற அளவில் ஒரு முழப் புளூபெரி மாலை சம்பந்தியின் கையில் தொங்கியது.

இவர் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பூக்கட்டுகிறவர். அந்த முடிச்சை நான் எங்கே கண்டாலும் அறிவேன். திரும்பிப் பார்த்தேன். இவர் பக்கத்து வீட்டுக் கூரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு முகம் எரிந்தது. சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதே போதும், நான் எவ்வளவு வெட்கப்பட்டேன் என்று காட்ட. இவருக்கு என்மேல் இருந்த அன்பு அந்த நூலில் தெரிந்தது, அது வேறு. ஆனால் இந்தப் பெண்மணி நாலரை மணித்தியாலம் ஓடி வந்து, என் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி மறித்தேன்.

"ஐ லை," என்றேன். "நோ மெனி. ஒன்லி இலெவன்."

சம்பந்தி மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகமும் மெல்லச் சிவந்தது. ரோல்ஸ் தான் செய்ததில்லை என்றார். வரும் வழியில் பிளாசாவில் வாங்கியதாம், பெட்டி இன்னும் கார் சீற்றுக்குக் கீழே கிடக்கிறதாம். வீட்டில் மூன்று தரம் செய்து மூன்று தரமும் எண்ணெய்க்குள் வெடித்துச் சிதறியதாம். மகள் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். எனக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

"ஐ நோ," என்றேன்.

தெரியுமா என்று அவர் திகைத்துக் கேட்டார். நான் பிளாசா இருக்கிற திசையைக் கைகாட்டி, "வெரி நைஸ்" என்றேன்.

அவ்வளவுதான். முதலில் அவருக்கு வந்தது. உயரமான மனிசி, சிரிப்பும் பெரிது, மாலையைப் பிடித்தபடியே டெக் கதிரையில் விழுந்துவிட்டார். பிறகு எனக்கு. நான் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், செடியின் சேலையில். நிறுத்தினோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், திரும்பவும் தொடங்கினோம். அவர் மாலையைத் தூக்கிக் காட்டி "மெனி மெனி" என்றார், எனக்கு விலா நொந்தது. இவர் மட்டும் ஒரு முழம் கட்ட எவ்வளவு பாடுபட்டவன் தெரியுமோ என்று முனகினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தி கேட்டார், உண்மையான பதினொன்று எங்கே? நான் காட்ட முன்னமே அவர் செடியின் முன் முழங்காலில் இருந்து தேடத் தொடங்கிவிட்டார். இவர் கடையில் வாங்கி நூலில் கோத்தவை கழுவிக் கைபட்டு மினுங்கின. கிளையில் விளைந்தவற்றின்மேல் திருநீறு பூசியதுபோல மெல்லிய வெள்ளைத் தூசு. அதை வைத்தே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து, இது உங்களுடையது, இது உங்களுடையது என்றார். பதினொன்றும் இருந்தன.

பிடுங்கக் கூடாதாம். பெருவிரலால் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும், பழுத்தது தானே கையில் விழும், விழாததை விட்டுவிட வேண்டும். என் பெருவிரலைப் பிடித்துப் பழத்தின்மேல் வைத்து உருட்டிக் காட்டினார். இருபது வருடம் பெட்டி பெட்டியாகக் கொட்டிய கைக்குள் ஒரு பழம் சூடாக விழுந்தது. வெயிலின் சூடு. நான் அதுவரை புளூபெரியை ஐஸ்கட்டியாக மட்டுமே தொட்டிருந்தேன். வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பின்னால் ஒரு சின்னப் புளிப்பு. நான் அழுவதைச் சம்பந்தி கண்டார், என் முதுகைத் தடவினார்.

ஏழு விழுந்தன, நாலு விழவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் ஒவ்வொன்று. ஒன்று சாமிப்படத்துக்கு. மற்றதை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவிடம் நீட்டினேன். அவர் நடந்தது முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வாயில் போட்டு, "இப்பிடி ஒரு பழம் நான் தின்னேல்லை பிள்ளை" என்றார். நான் குறுக்கே உடம்பை வைக்கவில்லை. இன்னும் சொல்லுங்கோ அக்கா என்றேன்.

கலியாணம் நடந்து இப்போது ஒன்றரை வருடம். சம்பந்தி ஞாயிறு தோறும் எனக்குப் போன் எடுக்கிறார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வளரவில்லை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை, ஆனாலும் முக்கால் மணித்தியாலம் போகிறது. தன்னோடு மாமி அஞ்சு நிமிசம்தான் கதைக்கிறா, உங்களோடை மட்டும் என்ன கதை என்று மகள் பொறாமைப்படுகிறாள். என்ன கதை? பனி விட்டதா, மொட்டு வந்ததா, தேனீ வந்ததா. வந்தது என்றால் இரண்டு பக்கமும் சந்தோசம். அவர் ரோல்ஸ் சுற்றி வீடியோவில் காட்டுவார், நான் அந்த ஓரத்தை மடியுங்கோ என்று கையால் காட்டுவேன். இப்போது வெடிப்பதில்லை.

இந்த வருடம் பூத்த நேரம் சேலைகள் அலுமாரியில் இருந்தன. தேனீக்கள் வீட்டுக்காரர் மாதிரி வந்து போயின. போன ஞாயிறு, காய் பிடித்தபின் கட்டிய சேலையை விலக்கி எண்ணத் தொடங்கினேன், முதல் செடியிலேயே எண்ணிக்கை பிழைத்துவிட்டது. அப்போது போன் வந்தது. எவ்வளவு என்று அவர் கேட்டார்.

"மெனி மெனி," என்றேன்.

அந்தப் பக்கம் கார்ச் சாவிக்கொத்து கிலுங்குவது கேட்டது.